நாற்பதாம் நாள் வரை

பெர்பெத்துவா கர்கனேரா எந்தக் காகிதத்தையும் மடிக்க மாட்டாள். மடித்தால் கோடு விழும், கோட்டில் எழுத்து தேயும், தேய்ந்த எழுத்தைப் பார்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்பது அவள் கட்சி. வின்னிபெக் நகரத்தின் வடமேற்கு மூலையில், மூன்றாம் மாடியில் இருந்த அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கடியில் கால் நீட்ட இடம் கிடையாது. அங்கே மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அவளுடையது ஒன்று, தம்பி கிறிசாந்தோவுடையது ஒன்று, மற்றவையெல்லாம் ஊராருடையவை. பிலிப்பைன்ஸில் கிம்பால் என்ற கடற்கரை ஊரிலிருந்து கிளம்பி இந்தக் குளிரில் வந்து விழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், வேலை அனுமதி நீட்டிப்பானாலும் நிரந்தர வதிவிட விண்ணப்பமானாலும், முதலில் ஏறுவது அவள் வீட்டுப் படியைத்தான். “மனாங் பெத்தாங்கிட்ட கேளு” என்பார்கள். மனாங் என்றால் அவர்கள் பக்கத்தில் அக்கா; பெத்தாங் அவள் பெயரின் சுருக்கம். ஊருக்கே அவள் அக்காவாகிவிட்டிருந்தாள்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆறு பிள்ளைகளில் மூத்தவள். தாய் போன பிறகு கடைக்குட்டி கிறிசாந்தோவை, அவளுடைய செல்லத் ‘தோத்தோ’வை, இடுப்பில் வைத்துக்கொண்டே மீன் சந்தைக்குப் போய் வந்தவள். பத்தொன்பது வயதில் ஹாங்காங்குக்குப் பிள்ளை பார்க்கப் போனாள். அந்த வீட்டு எஜமானி ஒப்பந்தத்தில் இல்லாத வேலையெல்லாம் வாங்கியபோது, ஒப்பந்தத்தை எடுத்து வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்ததை மறுநாள் எஜமானியிடமே படித்துக் காட்டினாள். அன்றிலிருந்து காகிதத்தின் மேல் அவளுக்கு ஒரு பக்தி. பிறகு கனடா வந்து ஒரு கிழவருக்குச் சோறூட்டி, அவரை அடக்கம் செய்து, தானே விண்ணப்பித்து நிரந்தர வதிவிட உரிமையும் குடியுரிமையும் வாங்கினாள். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் சலவைக்கூடத்தின் மேற்பார்வை. அவள் மடித்த படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும். துணிக்கு ஒரு நியாயம், காகிதத்துக்கு ஒரு நியாயம்.

கிறிசாந்தோவை அழைத்து வந்ததும் அவள்தான். நெடுஞ்சாலையோரத்தில், நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு விடுதியில் அவனுக்குச் சமையல்காரன் வேலை, தங்க அதன் மாடியிலேயே ஓர் அறை. “என் தம்பி முட்டை பொரிச்சா அதைச் சாப்பிடவே லாரிக்காரங்க ரோட்டை விட்டு இறங்கி வர்றாங்க” என்று தேவாலயத்தில் கண்டவரிடமெல்லாம் சொல்வாள். அவனுடைய மனைவி மரிவெல்லும் மகள் ஜெனிலினும் கிம்பாலில் இருந்தார்கள். அவன் பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, வாங்கினால் அவர்கள் வரலாம். வாங்காதவரை போன் திரையில்தான் குடும்பம். விண்ணப்பம் போட்டாயிற்று, கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்று பெர்பெத்துவா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் அது வந்த மாதிரிதான்.

வந்தது வேறு ஒரு கடிதம்.

வாரத்தில் அவளுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. காலையில் காப்பி போடும் முன்பே தம்பியின் கணக்கைக் கணினியில் திறந்து பார்ப்பது வழக்கம். அன்று ஒரு கடிதம் நின்றிருந்தது. முதல் தடவை படித்தபோது அது வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்தாள். இரண்டாம் தடவை பெயரைப் பார்த்தாள். மூன்றாம் தடவை வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள்.

கடிதம் கேட்டது இதுதான். விண்ணப்பதாரர் முந்தைய வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் கனடாவுக்குள் வந்தபோது அவருடைய வேலை அனுமதி முடிந்திருந்தது. நீட்டிப்பு இன்னும் கிடைத்திருக்கவில்லை. ஆகவே அவர் பார்வையாளராகத்தான் அனுமதிக்கப்பட்டார். புது அனுமதி கைக்கு வரும்வரை வேலை செய்யக்கூடாது என்று விமான நிலையத்தில் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆனால் புது அனுமதி ஜூலையில்தான் வந்திருக்கிறது. இடைப்பட்ட ஏழு மாதமும் அவர் விடுதியில் வேலை செய்ததாக விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார். விளக்கம் தரவும். முதலாளியிடமிருந்தும் ஒரு கடிதம் தரவும்.

அந்த ஏழு மாதத்தையும் விண்ணப்பத்தில் தன் கையால் தட்டச்சு செய்தவள் அவள்தான். பெருமையோடு, ஒரு நாள் விடாமல்.

அந்த வருஷம் அக்டோபரில் கிம்பாலில் அப்பா போய்ச் சேர்ந்தார். பெர்பெத்துவாவுக்குப் பித்தப்பை அறுவை ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. விமானத்தில் ஏறக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற நான்கு பேரும் கப்பலிலும் வளைகுடாவிலும் சிதறிக் கிடந்தார்கள். கிறிசாந்தோ ஒருவன்தான் போக முடிந்தது. அவன் வேலை அனுமதி நவம்பர் நடுவில் முடிகிறது, நீட்டிப்புக்கு செப்டம்பரிலேயே போட்டு ரசீதும் வந்தாயிற்று. அப்படிப் போட்டுவிட்டால், பழையது முடிந்த பிறகும் பதில் வரும்வரை வேலை செய்யலாம். இது பெர்பெத்துவாவுக்கு மனப்பாடம். நாட்டை விட்டு வெளியே போய், பழையது முடிந்த பிறகு திரும்பி வந்தால் அந்தச் சலுகை செல்லாது என்ற அடுத்த வரி மட்டும் அவள் கண்ணில் படவில்லை. படவேண்டிய தேவையும் வந்ததில்லை; அவள் பார்த்த நாற்பது ஐம்பது பேரில் யாரும் அப்படிப் போகவில்லை.

அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஜெபமும் முடியும் தறுவாயில் மரிவெல் போனில் மெல்லச் சொன்னாள். அவர்கள் ஊரின் இலோங்கோப் பேச்சு எப்போதும் தாலாட்டு மாதிரிதான். அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட்டால்கூட பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிப் போகும் என்பார்கள்.

“மனாங், இவரு இந்த வாரமே கிளம்பிட்டா நல்லதில்லையா? அனுமதித் தேதி முடியறதுக்குள்ள அங்க வந்து சேந்துடலாமே.”

“ஏன்டீ, புருஷனை விரட்டறதுக்கு அவ்வளவு அவசரமா உனக்கு?” என்றாள் பெர்பெத்துவா. “அப்பா ஆவி இன்னும் வீட்டைச் சுத்திக்கிட்டு இருக்கும். நாப்பதாம் நாள் பூசை வைக்காம, ஊருக்குச் சாப்பாடு போடாம எழுந்து வந்தா ஜனங்க என்ன பேசும்? கனடா போனதும் கர்கனேரா பிள்ளைங்களுக்கு அப்பனுக்கு உக்கார நேரமில்லைன்னு பேசும். ரசீது கையில இருக்கு. இந்தக் காகிதமெல்லாம் நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்தது.”

“சரி, மனாங்” என்றாள் மரிவெல்.

கிறிசாந்தோ நாற்பதாம் நாள் வரை இருந்தான். பூசை நடந்தது. இரண்டு பன்றிகள் வெட்டி, துவரையும் பலாக்காயும் போட்டுக் குழம்பு வைத்து, தெரு முழுக்கப் பந்தி போட்டார்கள். படங்களை மரிவெல் அனுப்பினாள். பெர்பெத்துவா அவற்றைச் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினாள். தான் உட்கார முடியாத இடத்தில் தம்பி உட்கார்ந்தான் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் வரவேற்கப் போனவளும் அவள்தான். அவன் தள்ளுவண்டியோடு வெளியே வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“மனாங், அந்த ஆபீசர் வேலையைப் பத்தி என்னவோ சொன்னாரு.”

“என்ன சொன்னார்?”

“வேகமாச் சொன்னாரு. பின்னாடி பெரிய வரிசை. எஸ் சார்னு சொல்லிட்டேன்.”

“முத்திரை போட்டாரா?”

“போட்டாரு.”

“உள்ள விட்டாரா?”

“விட்டாரு.”

“அப்புறம் என்னடா தோத்தோ? விசாவுக்கு இன்னும் காலம் இருக்கு, நீட்டிப்புக்கு ரசீது இருக்கு. நட, வண்டி நிறுத்தின இடத்துல ஆள் கத்துவான்.”

அவளுடைய பள்ளிக்கூடத்தில் முதல் பாடமே அதுதான். அதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில் சொல், திருப்பிக் கேள்வி கேட்காதே, கேட்டால் உனக்குத் தெரியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! தம்பி அதைத்தான் செய்தான். இரண்டு நாள் கழித்து விடுதிச் சமையலறையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றான்.

செவ்வாய்க்கிழமை கடிதத்தைப் படித்து முடித்தபோது அவளுக்கு நினைவு வந்தது அந்தத் தள்ளுவண்டிதான். அவன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் அவள் பேசினாள்.

மாலையில் போனில் அவனுக்குப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் சமையலறையில் தட்டு மோதும் சத்தம் கேட்டது.

“அப்போ அந்த ஆபீசர் சொன்னது இதுதானா” என்றான் கிறிசாந்தோ.

“தோத்தோ…”

“பரவாயில்ல மனாங். எனக்கு அடுப்புல சூப் இருக்கு. அப்புறம் பேசறேன்.”

ஒரு தடவை கத்தியிருந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பிக்குக் கூடுவது வழக்கம். அன்று பெர்பெத்துவா சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். அவள் தோழி நிம்ஃபா, மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள், தட்டில் அரிசிக் கேக்கோடு வந்து பக்கத்தில் சாய்ந்தாள்.

“என்ன மனாங், மூஞ்சி இஸ்திரி போடாத சட்டை மாதிரி இருக்கு?”

பெர்பெத்துவா யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் வந்திருந்தாள். நிம்ஃபாவிடம் சொன்னாள். தம்பிக்கு வந்த சிக்கல் என்று சொன்னாள். யாரால் வந்தது என்பதைச் சொல்லவில்லை.

“அட, இந்த ஆம்பளைப் பசங்களே இப்படித்தான்!” என்றாள் நிம்ஃபா. “ஆபீசர் வாயைத் திறந்து சொல்லியிருக்காரு, இவன் எங்க பராக்குப் பாத்துக்கிட்டு நின்னான்? உங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?”

பெர்பெத்துவா கேக்கைப் பிட்டாள். வாயில் வைக்கவில்லை. ‘சொன்னான்’ என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் கேக்கை இன்னும் சிறிதாகப் பிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, பாவம் என்று தலையை ஆட்டினார்கள். பாவம் என்றது அவளை. இப்படி ஒரு அசட்டுத் தம்பியைக் கட்டி இழுக்கிறாளே என்று.

நிம்ஃபா குரலைத் தாழ்த்தினாள். “ஒரு வழி சொல்றேன். முதலாளிகிட்டப் போய் லெட்டர் வாங்குங்க. அந்த ஏழு மாசமும் பையன் வேலை செய்யல, சும்மா மேல் ரூம்ல தங்கியிருந்தான், விண்ணப்பத்துல தேதி தப்பா விழுந்துடுச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. யாரு வந்து முட்டையை எண்ணப் போறாங்க?”

“வரி கட்டின கணக்கு இருக்குமே.”

“அந்த ஆபீஸ் வேற, இந்த ஆபீஸ் வேற மனாங். நீங்களா பயப்படறீங்க?”

பொய் சொல்லி மாட்டினால் ஐந்து வருஷம் விண்ணப்பிக்கவே முடியாது என்று பெர்பெத்துவாவுக்குத் தெரியும். அவளிடம் வந்து பல்லை இளித்தவர்களை அதைச் சொல்லித்தான் படியிறக்கி விட்டிருக்கிறாள். ஆனாலும் நிம்ஃபா சொன்னது வீடுவரை அவளோடு பஸ்ஸில் வந்தது. ஏழு மாதத்தை அழித்துவிட்டால் தம்பி மீது குற்றம் இருக்காது. தம்பி மீது இல்லாவிட்டால் அவள் மீதும் இருக்காது. அந்த நாற்பதாம் நாளைப் பற்றி யாரும் எப்போதும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி விடுதிக்குப் போனாள். தம்பிக்கு அன்று மாலை முறை. காலையில் அவன் மாடியில் தூங்கிக்கொண்டிருப்பான் என்று பார்த்துத்தான் போனாள். முதலாளி வால்ட்டர் ரினியுக், எழுபதைத் தாண்டிய உக்ரேனிய வம்சத்துக்காரர், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வா பெத்தாங். உன் தம்பிதான் நேத்தே வந்து லெட்டரை வாங்கிட்டானே. நீ எதுக்கு வந்த?”

“என்ன லெட்டர்?”

“அதான் அந்த ஏழு மாசம். இவன் இங்கதான் வேலை செஞ்சான், சம்பளம் குடுத்தேன், வரி பிடிச்சேன், அனுமதி இல்லைங்கறது எனக்கும் தெரியாதுன்னு. ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம எழுதுங்கன்னான். என் பொண்ணு தட்டிக் குடுத்தா, நான் கையெழுத்துப் போட்டேன்.” பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். “எனக்கு அபராதம் வந்தாலும் வரும்ங்கறா பொண்ணு. வரட்டும். இந்தக் கடையில முட்டை போடறவனை மட்டும் என்னால பகைச்சுக்க முடியாது.”

பெர்பெத்துவா கல்லாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். “சும்மாதான் வந்தேன். காப்பி குடிக்க.”

“ஒரு மணி நேரம் பஸ்ல வந்து என் காப்பியையா? உனக்கு உடம்பு சரியில்ல.” அவரே எழுந்து ஒரு கோப்பை ஊற்றி வைத்தார். பிறகு, குறை சொல்கிற தொனி சிறிதும் இல்லாமல் சொன்னார். “அவன் அப்பா சாவுக்குப் போயிட்டு வந்தப்போ நான் கேட்டேன், காகிதமெல்லாம் சரியா இருக்கா பையான்னு. ‘எங்க அக்கா பாத்துட்டாங்க’ன்னான். உன் பேரைச் சொன்னான், நான் அதுக்கு மேல கேக்கல. நீ பாத்தா சரியாத்தானே இருக்கும்?”

அந்தக் காப்பியை அவள் எப்படிக் குடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு பொய்யை வாங்கிப் போகப் பையோடு வந்தவள் அவள். அவள் வளர்த்த பிள்ளை அதற்கு முன்பே வந்து, கூசாமல் உண்மையைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். பெருமைப்பட வேண்டிய இடம். பெருமைப்பட முகம் இல்லை.

மாடிப்படியில் காலடி கேட்டது. கிறிசாந்தோ தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்தான். அக்காவைப் பார்த்தான், காப்பியைப் பார்த்தான், எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. வால்ட்டர் எதிரில் எதுவும் கேட்கவில்லை.

“சாப்பிட்டீங்களா மனாங்? இருங்க, முட்டை போடறேன்” என்று உள்ளே போனான்.

விளக்கக் கடிதத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். அவன் சொல்ல, அவள் தட்டினாள். அதிகாரி சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி கேட்காமல் விட்டுவிட்டேன், தவறு என்னுடையது, வேண்டுமென்று செய்யவில்லை. நான்கே வரி.

பெர்பெத்துவாவின் விரல் நின்றது. “அக்கா சொல்லித்தான் நாப்பதாம் நாள் வரைக்கும் இருந்தேன்னு எழுது. வந்து இறங்கினதும் அக்காகிட்டச் சொன்னேன், அவங்கதான் பரவாயில்லன்னுட்டாங்கன்னு எழுது.”

“எதுக்கு?”

“அதுதானே நடந்தது?”

“மனாங், ஆபீசர் உங்களுக்கா பி.ஆர். குடுக்கப் போறாரு? எனக்கு முப்பத்தெட்டு வயசு. எங்க அக்கா சொன்னாங்கன்னு எழுதினா, அந்த ஆளு சிரிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடுவான்.”

“சிரிக்கட்டும்டா. உண்மை.”

“அது நம்ம வீட்டு உண்மை. அவங்க கேக்கறது, நான் வேலை செஞ்சேனா இல்லையான்னு. செஞ்சேன். தட்டுங்க.”

தட்டினாள். அவன் சட்டத்தில் ஓர் எழுத்துப் படிக்காதவன். ஆனால் எது கேட்கப்பட்டதோ அதற்கு மட்டும் பதில் சொன்னான். அவள் பாடம் தம்பியின் வாயிலிருந்து அவளுக்கே திரும்பி வந்தது. கடிதத்தில் அவள் பெயர் எங்கும் இல்லை. ஒருவரும் அவளைக் கேட்கப் போவதில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அடித்தால் அழலாம், மறைத்துக் காப்பாற்றுகிறவனை என்ன செய்வது?

பதிலுக்குக் காத்திருந்த மாதங்களில் அவள் ஒரு காரியம் செய்தாள். மேசைக்கடியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தாள். கேட்டவர்களிடம் முட்டி வலி, குனிய முடியவில்லை என்றாள். சிலர் வருத்தப்பட்டார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள். நிம்ஃபா மட்டும் தன் பெட்டியை வாங்க மறுத்தாள்.

“என் வீட்ல வச்சா எலி தின்னும் மனாங். உங்களுக்கு முட்டி வலின்னா பெட்டிக்கு என்ன வலி?”

“நான் பாத்தது தப்பாப் போகும் நிம்ஃபா.”

“உங்களுக்கா? தம்பி பண்ணின கூத்துக்கு நீங்க ஏன்…”

“அவன் பண்ணல” என்றாள் பெர்பெத்துவா. “ஒம்பதாம் நாள் முடிஞ்சதும் அவன் கிளம்பட்டும்னு மரிவெல் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். ஆபீசர் என்னவோ சொன்னாருன்னு வந்து சொன்னான். நான்தான் நடன்னேன். அன்னிக்கு நீ அவனைத் திட்டினியே, நான் கேக் பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

நிம்ஃபா பெட்டியை வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் சொன்னது “வெளியில வழுக்கும், பாத்துப் போங்க” என்பது மட்டும்தான். அடுத்த ஞாயிறு கீழ்த்தளத்தில் பேச்சு மாறிவிட்டிருந்ததைப் பெர்பெத்துவா பார்த்தாள். அவள் காப்பிக் குவளையோடு வந்தால் மேசையில் சிறிது இடம் விட்டார்கள், மரியாதையாகத்தான். யாரும் எதையும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அவள் காப்பியைக் குடித்து முடிக்க விட்டதில்லை. இப்போது சூடாகவே குடித்தாள்.

மார்ச் மாதத்தில், இன்னும் பனி உருகாத ஒரு சனிக்கிழமை, பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, பொய் சொன்னதாகக் குற்றம் இல்லை. ஆனால் அனுமதி இல்லாமல் வேலை செய்த ஏழு மாதமும் கணக்கில் சேராது. அதைக் கழித்தால் தேவையான அனுபவம் போதவில்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காலம் நிறைந்த பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம்.

கிறிசாந்தோ அன்று அவள் வீட்டில்தான் இருந்தான். படித்தான். ஜன்னலருகே போய் நின்றான்.

“கையில இருக்கிற அனுமதிக்குக் காலம் இருக்கு. அந்த ஏழு மாசத்தை மறுபடி செஞ்சுட்டாப் போச்சு” என்றான். குரல் எங்கேயோ சுவரில் பட்டுத் திரும்பியது மாதிரி இருந்தது. “மரிவெல்லுக்கு நான் அப்புறம் சொல்லிக்கறேன்.”

“இல்ல” என்றாள் பெர்பெத்துவா. “அதை நான் சொல்றேன். அதையாவது விடு.”

அவன் அவளைப் பார்த்தான். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே ஞாயிறு காலை. திரையில் மரிவெல் வந்தாள். பின்னால் துணி உலர்ந்தது, எங்கோ சேவல் ஒன்று வேளை தெரியாமல் கூவியது.

“மனாங்! நீங்களா? அவரு எங்க?”

“வெளியில போயிருக்கான். மரிவெல், கிடைக்கல.”

பெர்பெத்துவா எல்லாவற்றையும் சொன்னாள். எந்த மாதங்கள், ஏன் சேராது, இனி எவ்வளவு ஆகும் என்பதை முதலில். அது எளிது, அது அவளுக்குத் தெரிந்த பாஷை. பிறகு மீதியையும் சொன்னாள்.

“ஒம்பதாம் நாள் முடிஞ்சு அவன் கிளம்பியிருந்தா இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ அன்னிக்கே சொன்ன. நான் உன்னைத்தான் பேசினேன். புருஷனை விரட்டறியான்னேன்.”

“அது அப்போ மனாங்” என்றாள் மரிவெல், அதே தாலாட்டுக் குரலில். “சாப்பிட்டீங்களா?”

“திட்டு மரிவெல். உன் வாயால நாலு வார்த்தை திட்டு.”

மரிவெல் பின்னால் உலர்ந்த துணி ஒன்றை இழுத்து மடித்தாள். “உங்களை எப்படித் திட்டறதுன்னு தெரியல மனாங். எங்க வீட்டுக் கூரை நீங்க போட்டது. தெரிஞ்சதும் போன் பண்றேன்.”

அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை என்று பெர்பெத்துவாவுக்குப் புரிந்தது.

“அடுத்த வருஷம் மழைக்காலம் தாண்டுமா?” என்று மரிவெல் கேட்டாள்.

“தாண்டும். குறையற மாசத்தை நிரப்பி, புதுசா விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கணும்.”

“ஸ்கூல்ல வருஷ விழா நடனத்துல ஜெனிலினைச் சேக்கல. அவதான் கனடா போயிடுவாளேன்னு டீச்சர் சொல்லிட்டாங்களாம். இவளும் பெருமையா, ஆமா டீச்சர்னு வந்துட்டா. நேத்திக்கு மத்த பொண்ணுங்க பாவாடை தைக்கக் குடுத்தாங்க. பாத்துக்கிட்டு நின்னா.” மரிவெல்லின் குரல் முதல் தடவையாகத் தாலாட்டை விட்டது. “அவகிட்ட நான் சொல்ல மாட்டேன் மனாங். என்னால ஆகாது. இதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதீங்க.”

“கூப்பிடு. நான் சொல்றேன்.”

போன் கை மாறியது. திரை ஒரு கணம் கூரைத் தகரத்தைக் காட்டியது. பிறகு பத்து வயது முகம் ஒன்று, பாதிப் பின்னிய தலையோடு, திரை முழுக்க வந்து நின்றது.

“தீத்தா! பனி இன்னும் இருக்கா? நான் வர்ற வரைக்கும் இருக்குமா?” தீத்தா என்றால் அவர்கள் பேச்சில் அத்தை.

பெர்பெத்துவா நாற்காலியை இழுத்து நேராக உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவள் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

“ஜெனி, கொஞ்சம் உக்காரு கண்ணு. உங்க அப்பா மேல ஒரு தப்பும் இல்ல. அதை முதல்ல கேட்டுக்கோ.”

“என்ன தப்பு, தீத்தா?” என்று கேட்டாள் ஜெனிலின்.

பெர்பெத்துவா சொல்லத் தொடங்கினாள். குழந்தை நடுவில் நிறுத்தி, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது. அவள் மறுபடி சொன்னாள்.